மயிலாவும் இரும்பனும்

"இந்த மயிலாவை வெச்சிக்கினு ஒரு பெருச்சாளியைக் கூட விரட்ட முடியாது, ஜீவி," என்றான் கிறிஸ்டோபர்.

ஜீவிதா நிமிரவில்லை. மயிலாவின் பாவாடை மயில் கழுத்து நிறமா, எலுமிச்சை மஞ்சளா என்ற யோசனையில் இருந்தாள்.

மயிலா நிஜப் பெண் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில், குருவின் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிறு மத்தியானம் நண்பர்கள் அங்கே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். குரு ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரத்தை உருவாக்கும்போது எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள். அதைப் பலத்தில் போடுவதா, பாட்டுத் திறமையில் போடுவதா என்பது அவரவர் விருப்பம்.

கிறிஸ்டோபர் அத்தனையையும் பலத்தில் போட்டவன். ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவனுக்கு. உதவாததை ஒதுக்கியே பழகிய கை. அவனுடைய வீரன் இரும்பனுக்கு ஊர் கிடையாது, உறவு கிடையாது, பிடித்த சாப்பாடு கூடக் கிடையாது. கவசமும் கோடாரியும்தான். இரண்டு வருஷமாக ஆடுகிறான், இரும்பன் ஒரு முறை கூட விழுந்ததில்லை.

ஜீவிதாவுக்கு இதுதான் முதல் ஞாயிறு. அவளுக்கும் கிறிஸ்டோபருக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். ஐயம்பேட்டை வீட்டில் எப்போதும் ஆட்கள். சாப்பிட்டீங்களா, இன்னிக்கு என்ன ஷிப்ட் என்பதைத் தாண்டி இருவரும் அதிகம் பேசியதில்லை. நானும் வரட்டுமா என்று அவள் கேட்டபோது அவனுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அவள் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். மயிலாவையும் அப்படித்தான் வரைந்தாள். முகத்தில் அரிதாரம் பூசிய கூத்துக்காரி. வாயைத் திறந்தால் கதை. இருட்டென்றால் பயம். பலத்துக்கு ஒரே ஒரு புள்ளி.

இவளை நாமதான் தூக்கிக்கொண்டு அலையணும் என்று ஆட்டக்கார நண்பன் பாண்டியன் அலுத்துக்கொண்டான். பாட்டுக்கான புள்ளியில் கொஞ்சம் குறைத்து ஒரு கேடயமாவது வாங்கிவிடலாம் என்று கிறிஸ்டோபர் பேரம் பேசிப் பார்த்தான்.

"கேடயம் தூக்கினா அவ மயிலாவே இல்லீங்க. வேற யாரோ," என்றாள் ஜீவிதா.

"செத்துப் போயிட்டா?"

"போற வரைக்கும் மயிலாவா இருப்பா இல்ல?"

கிறிஸ்டோபர் எழுந்தான். குருவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வரக் கீழே இறங்கிப் போனான்.

ஆட்டம் தொடங்கியது. கோட்டை வாசலில் காவலாளியை மயிலா பேசிப் பேசியே சிரிக்க வைத்தாள். வாள் உருவாமலே எல்லோரும் உள்ளே போனார்கள். பாண்டியனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் ஒரு மலைக்குகை, நடுவில் அதலபாதாளம், அதன் மேல் ஒரு கயிற்றுப் பாலம். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசியாக மயிலா பாலத்தின் நடுவில் வந்தபோது, பள்ளத்திலிருந்து ஒரு கல் பூதம் எழுந்து நின்றது.

மயிலா என்ன செய்யப் போகிறாள் என்று குரு கேட்டான்.

"நிக்கிறா," என்றாள் ஜீவிதா.

"ஓடச் சொல்லுமா," என்றான் பாண்டியன்.

"ஓட மாட்டா. நிக்கிறா."

கிறிஸ்டோபர் பகடைகளைக் கையில் எடுத்தான்.

"இரும்பன் திரும்பிப் போறான்."

மயிலாவோடு அத்தனை கனமான கவசத்தையும் சேர்த்துப் பாலம் தாங்காது என்று குரு எச்சரித்தான்.

"கவசத்தைக் கழட்டிப் போட்டுட்டுப் போறான்."

இரண்டு வருஷமாக வளர்த்த ஆள் என்று சொல்லிப் பாண்டியன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கையை விடுவித்துக்கொண்டு உருட்டினான். மயிலாவை அந்தப் பக்கம் தள்ளிவிட முடிந்தது. பூதம் ஓங்கிய அடியிலிருந்து தப்பிக்க மறுபடி உருட்டினான். பகடை கைகொடுக்கவில்லை.

"இரும்பன் போயிட்டான்பா," என்றான் குரு மெதுவாக.

கிறிஸ்டோபர் தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தான்.

சாயந்திரம் இருவரும் பட்டுக் கடைகளின் நெரிசலைத் தாண்டிப் பைக்கில் திரும்பினார்கள். ஊர் எல்லை கடந்து சாலை விரிந்ததும் ஜீவிதா அவன் தோளில் கை வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மயிலா தப்பிச்சிருக்கலாம். நினைச்ச நிமிஷத்துல மாயமா மறைஞ்சு போற வித்தை அவளுக்குத் தெரியும். குரு அண்ணன் ரகசியமா குடுத்தாரு, யாருக்கும் சொல்லாதேன்னாரு."

அவன் பைக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இரும்பன் வருவானான்னு பாக்கத்தான் அவளை அங்க நிறுத்தினேன். இப்படி ஆகும்னு நினைக்கல. கோவமா?"

"இல்ல," என்றான் கிறிஸ்டோபர். வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அந்த வித்தையை உனக்குக் குடுன்னு குருகிட்ட கேட்டதே நான்தான்."

ஜீவிதா அவன் முகத்தைப் பார்க்க முன்னால் சாய்ந்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா? எதுக்குங்க?"

"தெரியும். ஆனா நீ அங்க தனியா நின்னுக்கினு இருந்தியே," என்றான் அவன். "பாத்துக்கினு இருக்க முடியலமா."