ஏழாம் ஃபாரத்தில் நீர்நாய்

நீர்நாய் செத்துவிட்டது. அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஐந்து நாட்களாக அது அவள் கையில்தான் செத்துக்கொண்டிருந்தது.

சிவகாசியில் அந்த பைண்டிங் கூடத்தில் பதினான்கு பெண்கள். அச்சான பெரிய தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரு தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அது ஒரு ஃபாரம். ஆளுக்கு ஒரு ஃபாரம்.

அவளுடையது ஆறாவது.

இப்போது மடிப்பது, ஊரெல்லாம் பிள்ளைகள் பித்துப் பிடித்துப் படிக்கிற மாயக்கதையின் மறுபதிப்பு. யாழி என்ற சிறுமி, மொச்சை என்ற பேசும் நீர்நாயோடு கடலுக்கு அடியில் உப்பு ராணியின் நாட்டுக்குப் போகிறாள்.

கூடத்தில் யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை. தன் கைக்குக் கீழே வருகிற பக்கங்களை மட்டும். அதுவும் சூப்பர்வைசர் மாடக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பும்போது, நாலு நாலு வரியாக.

போன மாதம் காலண்டர் தாளில் ராசிபலன் படித்த ஒருத்தியை அவர் பசை காய்ச்சும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

இருந்தும் சாப்பாட்டு வேளையில் சண்டை.

நான்காம் ஃபாரம் மடித்த சுப்புத்தாய்க்கு, ராணி கொடுமைக்காரி. யாழியை உப்புக் குழியில் தள்ளியவள். பதினோராம் ஃபாரம் மடித்த கனகமணிக்கு, அதே ராணி பெற்ற தாய் மாதிரி. யாழிக்குக் காய்ச்சல் வந்தபோது கண் மூடாமல் பக்கத்தில் இருந்தவள்.

கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சுப்புத்தாயும் கனகமணியும் இரண்டு நாளாகக் குழம்பு மாற்றிக்கொள்ளவில்லை.

ஏழாவது ஃபாரம் மெஷினில் தாமதமாகி இன்று காலைதான் வந்தது. அதை மடிக்கிற முனீஸ்வரி டிபன் டப்பாவைத் திறந்தபடி சிரித்தாள்.

"இந்த மொச்சை பண்ற சேட்டை இருக்கே! வலையை அத்துட்டு மீனைத் திருடித் திங்குது."

ஆறாம் ஃபாரத்துக்காரி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அது செத்துப்போச்சு முனீசு."

"பிழைச்சிருக்கும்க்கா. மாயக்கதைதான?"

எட்டாம் ஃபாரத்து ஜெபக்கனி குறுக்கே வந்தாள். "என் பக்கத்துல யாழி அதை மணல்ல புதைக்கிறா."

ஆறில் செத்தது. எட்டில் புதைத்தார்கள். ஏழில் மீன் திருடிக்கொண்டிருந்தது.

யாரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு, மடித்தவரைக்கும் எல்லா ஃபாரங்களையும் வரிசையாக அடுக்கித் தைக்கத் தொடங்கிவிடுவார்கள். எட்டாயிரம் பிரதி.

சொன்னால், படித்தது தெரிந்துவிடும்.

பசைக் கொட்டகையின் வாடை அவளுக்கு இப்போதே மூக்கில் ஏறியது.

ஆறாம் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில், அழுதுகொண்டே தாளைத் திருப்பப்போகிற ஏதோ ஒரு பிள்ளையை நினைத்தாள்.

எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஏழாவது தப்பா வந்திருக்கு."

மாடக்கண்ணு தாளை வாங்கி, பக்க எண்களை விரலால் தடவினார். தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை.

"நம்பர் எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"நம்பர் சரிதான். கதை தப்பு."

மாடக்கண்ணு தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"மடிக்கச் சொன்னா படிச்சுக்கிட்டா இருக்கீக?"

அவள் தலையைக் குனியவில்லை.

"ஆமா அண்ணாச்சி. படிச்சேன்."

அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கிளம்பியது. முதல் ஃபாரத்து ராக்கம்மா. "கடற்கரையில ஒரு பொண்ணு சிப்பி பொறுக்கிக்கிட்டு இருக்கா, அண்ணாச்சி..."

யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் நிறுத்திய இடத்தில் இரண்டாம் ஃபாரத்துக்காரி எழுந்தாள். பிறகு மூன்று. சுப்புத்தாய் குழியைப் பற்றிச் சொல்லும்போது கனகமணியை முறைத்துக்கொண்டே சொன்னாள். ஐந்து.

ஆறில் அவள். குரல் உடையாமல் மொச்சையைச் சாகக் கொடுத்தாள்.

ஏழில் முனீஸ்வரி. "அப்புறம் மொச்சை மீன் திருடப் போச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாடக்கண்ணு சிரிக்கவில்லை. தாளோடு மெஷின் அறைக்கு ஓடினார்.

வேறு புத்தகத்தின் அச்சுப் பிளேட் மெஷினில் ஏறியிருந்தது. மொச்சையின் குட்டிப் பருவக் கதை. அதே பதிப்பகம், அதே அளவு, அதே எண்கள். மெஷின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

தையல் நின்றது.

நாலரை மணிக்குச் சரியான ஏழாம் ஃபாரம் வந்தது. முதல் தாளை மாடக்கண்ணு மை ஒட்டாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நேராக அவளிடம்.

"படிச்சுப் பாத்துச் சொல்லுத்தா. அப்புறம் மடிப்போம்."

"சத்தமாப் படியேன்க்கா" என்றாள் முனீஸ்வரி.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் நாலு பேர் முன்னால் எதையும் படித்ததில்லை. முதல் பத்தியில் இரண்டு இடத்தில் தடுக்கியது. பிறகு தடுக்கவில்லை. மடிக்காத தாளைத் திருப்பித் திருப்பி, தலைகீழான பக்கங்களைத் தேடித் தேடிப் படித்தாள். கூடத்தின் கடைசி மூலை வரை குரல் போனது.

ராணி வந்தாள்.

செத்துக் கிடந்த மொச்சையின் அருகில் உட்கார்ந்து அழுதாள். உப்பால் ஆனவள். கண்ணீர் பட்ட விரல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கரைவோம் என்று தெரிந்தே அழுதாள்.

கனகமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுப்புத்தாயைப் பார்த்தாள். ஜெயித்த பார்வை.

சுப்புத்தாய் மூக்கை உறிஞ்சினாள்.

"அழுதா ஆச்சா? பச்சப் பிள்ளையக் குழியில தள்ளுனது தள்ளுனதுதான? அவ கெட்டவதான்."

கூடம் வெடித்தது. பதினான்கு வாயும் ஒரே நேரத்தில். ஒரு கைகூட மடிக்கவில்லை.

கையில் தாளோடு நின்ற அவள் பயந்துபோய் மாடக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஒரு தாள்கட்டை இழுத்துப்போட்டு, சுப்புத்தாய்க்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அதெப்படித்தா கெட்டவளாவா?"