யாருக்கும் இல்லாத பேர்

தடுப்பூசி அறையில் நர்ஸ் குழந்தையின் பெயரைக் கடித்துக் குதறினாள்.

"நாக்கை மடிச்சுச் சொல்லுங்க சிஸ்டர். யாருக்கும் இல்லாத பேரு. வீட்டுக்காரர் ஆறு மாசம் தேடி வெச்சது. தூக்கத்துலகூட அதைத்தான் முணுமுணுப்பார்" என்றபடி ஒருத்தி எழுந்தாள்.

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தியும் கைக்குழந்தையோடு எழுந்தாள். "என் பொண்ணுக்கும் அதே பேருதான்க்கா."

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"போச்சுடா, ஊரெல்லாம் இதே பேருதானா? கார்டு மாறிடும். அப்பா பேரு, வேலை சொல்லுங்க, பிரிச்சு எழுதறேன்" என்றாள் நர்ஸ்.

இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஒரே பாட்டில் கம்பெனியைச் சொன்னார்கள்.

"இந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட்" என்று இழுத்தாள் பின்வரிசைக்காரி.

நேற்றிரவு அவன் அந்த அக்காவின் பக்கத்தில்தான் படுத்திருந்தான். தூக்கத்தில் மகள் பெயரைச் சொன்னான். எந்த வீட்டில் உளறினாலும் மாட்டிக்கொள்ளாத பெயர்.