நூறு தடவை

தையல்காரர் எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசுவார். ஆஸ்பத்திரியில் இறந்துபோன மகளை அடக்கம் செய்துவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டிருந்த பேத்தியைக் கூட்டி வந்தபோது மட்டும் நாக்கு எழவில்லை. "உங்கம்மா தவறிட்டா கண்ணு" என்று நயமாகச் சொல்லிவைத்தார்.

ஏழு வயதுக் குட்டி அழவில்லை. அவர் மெஷினை மிதிக்க, அவள் மூலையில் உட்கார்ந்து நாலு நாளாக நோட்டில் எழுதித் தள்ளினாள்.

"இம்புட்டு வீட்டுப்பாடமா? உங்க டீச்சருக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

"தொந்தரவு பண்ணாதீங்க தாத்தா."

பிள்ளை தேறிவிட்டது, இந்த வீட்டில் அழுவதற்கு நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் நோட்டை நீட்டினாள். "முடிச்சிட்டேன். இதை டாக்டர்கிட்ட குடுக்கணுமா?"

கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். பக்கம் பக்கமாக ஒரே வரி: 'இனிமேல் தவற மாட்டேன்.' நூறு தடவை. கடைசியில், 'இப்படிக்கு, அம்மா.'

"ஊசி குத்தின கை அம்மாவுக்கு வலிக்கும்ல, அதான் நானே எழுதினேன். இப்ப வீட்டுக்கு விட்டுடுவாங்கல்ல?"

மெஷின் நின்றது.

"அம்மா செத்துப்போயிட்டா கண்ணு. அவ ஒரு தப்பும் பண்ணல. தப்பாச் சொன்னது நான்தான்."

அப்போதுதான் குட்டி அழுதாள்.