சத்து மாத்திரை

“இது என்னக்கா?”

சீப்பு எடுக்க அக்காவின் பையைத் துழாவிய தம்பியின் கையில் மூன்று டப்பாக்கள் அகப்பட்டன. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டுச் சத்து. மூன்றுமே பாதி காலி.

ஆபரேஷன் உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா கதவைப் பார்த்தாள். “மெதுவாப் பேசுடா. சத்து மாத்திரை.”

“எதுக்கு?”

“ரத்த ஓட்டத்துக்கு. ரத்தம் நல்லா ஓடினாத்தான் உள்ளே இருக்கிறதெல்லாம் நல்லா இருக்குமாம். மருந்துக் கடையில சொன்னாங்க.”

“கடைசியா எப்போ போட்ட?”

“நேத்து சாப்பிட்டதும்.”

அவன் டப்பாவை மூடினான். “மயக்க மருந்து டாக்டர் படிச்சுப் படிச்சுக் கேட்டாரே, வைட்டமின் மாத்திரையைக்கூட விடாமச் சொல்லுங்கன்னு. ஒண்ணுமே தெரியாத பாப்பா மாதிரி இல்லைன்னு தலையாட்டின.”

“சொன்னா நிறுத்தச் சொல்வாங்க. நல்லதைப் போய் எதுக்கு நிறுத்தணும்?”

“இதெல்லாம் ரத்தம் உறையறதை இழுத்தடிக்கும்க்கா. கத்தி வெச்ச இடத்துல ரத்தம் நிக்கலேன்னா?”

“நிக்கும். அடுப்படியில கையை அறுத்துக்கிட்டா எனக்கு உடனே நின்னுடும்.”

“வெங்காயம் நறுக்கறதும் இதுவும் ஒண்ணா?”

வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், வாயைத் திறக்காதே. இந்தத் தேதி கிடைக்கறதுக்கே நாய் படாத பாடு பட்டோம். இன்னைக்கு விட்டா அடுத்தது எப்பவோ. அதுக்குள்ள...”

அவன் மூன்று டப்பாக்களையும் கையில் சேர்த்துப் பிடித்தான்.

டாக்டர் உள்ளே வந்தார். “கிளம்பலாமா?”

“நான் ரெடி டாக்டர்,” என்றாள் அக்கா அவசரமாக.

தம்பி டப்பாக்களை நீட்டினான்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இன்னைக்கு முடியாது. இதோட வீரியம் குறையணும். அப்புறம் மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். தேதி எப்போ கிடைக்கும்னு இப்போ சொல்ல முடியாது.”

“பாவி,” அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “உன்னை யாருடா சொல்லச் சொன்னா?”

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். “டயாலிசிஸே உங்க உடம்புக்கு ஒத்துக்கலை. அக்காவோட கிட்னி கிடைக்கிற வரைக்கும் தாக்குப் பிடிப்பீங்களா?”

“பார்ப்போம்,” என்றான் தம்பி.