வெறும் தண்ணீர்

வெறும் தண்ணீரைத்தான் ஊசியில் ஏற்றிக் கருவிக்குள் செலுத்தினாள். திரையில் தட்டையாக ஓடவேண்டிய கோடு, ஆல்கஹாலுக்கு உரிய இடம் வந்ததும் மளமளவென்று மேலே ஏறியது.

தண்ணீர் எங்கே போய்க் குடித்துவிட்டு வந்தது?

அந்த ஊசி ஆய்வகத்தின் இரண்டு பிரிவுக்கும் பொது. வண்டி ஓட்டுகிறவர்கள் குடித்திருக்கிறார்களா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்வது இவள் வேலை. அடுத்த அறைக்காரர் வாசனைத் திரவியம் சோதிப்பவர். ‘சென்ட் பாட்டில்’ என்றால்தான் அங்கே அவரைத் தெரியும்.

ஊசியைக் கழுவினீர்களா என்று அவரிடம் போய்க் கேட்டாள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“கழுவாம குடுப்பேனா? ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் ஊத்திக் கழுவுறேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!”

ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான். அவர் வேலைக்கு அது போதும். இவள்தான் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்த்து, கோடு தட்டையாக வந்த பிறகே ரத்தத்தைத் தொட வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வாள்; இன்று அலச மறந்து ஓட்டியதில்தான் இது தெரிந்தது.

ஒரே ஒரு நாள் செய்யவில்லை. அன்று மேலதிகாரி தலைமேல் நின்று அவசரப்படுத்தினார். ஊசியும் பார்க்கச் சுத்தமாக இருந்தது. அப்படியே முதல் குப்பி ரத்தத்தை எடுத்துவிட்டாள். குப்பியின் மேல் எண் மட்டும்தான் இருந்தது.

அது அக்கா கணவரின் ரத்தம் என்பது, அவருக்குப் பேருந்து ஓட்டும் வேலை போன பிறகுதான் தெரிந்தது.

பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார் மனிதர். யார் நம்பினார்கள்? ‘மெஷினுக்கு அவர்மேல என்ன முன்விரோதமா?’ என்று கேட்டதே இவள்தான். குடிக்காத மாப்பிள்ளை கிடைப்பது குதிரைக் கொம்பு என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த அம்மா, குடிகாரனோடு என் பெண் வாழவேண்டாம் என்று மகளையும் பேரனையும் கையோடு கூட்டிவந்துவிட்டாள். விவாகரத்து வழக்கு முடியும் கட்டத்தில் இருக்கிறது. அவர் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறாராம்.

அநியாயமாக ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனே! நடந்ததை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். தன் வேலை போனால் போகட்டும், அக்காவாவது பழையபடி புருஷனோடு வாழட்டும்.

முதலில் அக்காவைத்தான் போனில் கூப்பிட்டாள். அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“மாமா குடிக்கவே இல்லக்கா. தப்பு என்னோடது.”

அக்கா சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று நினைத்தாள்.

“அவர் குடிக்க மாட்டார்னு எனக்குத் தெரியாதாடி?” என்றாள் அக்கா.

இவளுக்குப் புரியவில்லை.

“கை உடைஞ்சு வந்து நின்னேனே, அப்ப அம்மா என்ன சொன்னா? ‘ஒரு சொட்டு தொடாத மனுஷன், கோபம் வந்தா ரெண்டு அடி அடிப்பார், பொறுத்துப் போ’ன்னா. நீயும்தானே என் பையைத் தூக்கிட்டு வந்து அந்த வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனே?”

ஊசி இன்னும் இவள் கையில்தான் இருந்தது.

“எதையும் எழுதிக் குடுத்துடாதேடி. என்னை இங்கயே இருக்க விடு.”