சாக்பீஸ் வீடு

கணக்குப் பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டதால், ஜெசிந்தா டீச்சர் கரும்பலகையில் ஒரு கதவை வரைந்து, "உள்ள யாரு இருக்காங்க?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டாள். அவ்வளவுதான். ஆளுக்கொரு சாக்பீஸோடு பாய்ந்தவர்கள், ஜன்னல், மாடி, கொடியில் காயும் பாவாடை என்று கூச்சலும் கும்மாளமுமாக ஒரு வீட்டையே எழுப்பிவிட்டார்கள். பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கதவுக்குக் கீழே வரிசையாக விட்டார்கள்.

அப்போதுதான் தலைமையாசிரியை வேதவல்லி உள்ளே வந்தார். ஜெசிந்தா கையிலிருந்த சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பாடத்தை விட்டு இம்மி நகர்ந்தாலும் மெமோதான் என்று போன வாரம்தான் எச்சரித்திருந்தார்.

"என்ன சத்தம் இங்க?"

"மெதுவாப் பேசுங்க பெரிய டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பர்வீன். "உள்ள பாப்பா இப்பதான் தூங்குச்சு."

வேதவல்லி வீட்டைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது, குட்டிச் செருப்புகளின் ஓரத்தில் பெரிய ஜோடி ஒன்று கிடந்தது. வேதவல்லி வெறுங்காலோடு நின்று, சாக்பீஸ் கதவை ஒற்றை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"திறந்துதான் இருக்கு பெரிய டீச்சர்," என்று வகுப்பே கிசுகிசுத்தது. "தள்ளுங்க."