நாள் முழுதும் வரைந்த ஏரி

மாலை வெயில் ஆய்வுக்கூட மேசைமேல் சாய்கிறது. நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தில் தேங்கிய ஏரியின் அடியிலிருந்து துளைத்தெடுத்த மண் உருளை, நீளவாக்கில் அறுபட்டுத் தட்டில் கிடக்கிறது. நூலிழைக் களிமண் அடுக்குகளுக்கு நடுவே, கரையிலிருந்து சரிந்து வந்த மணல். ஆய்வு செய்யும் பெண் கண் எரிய லென்ஸில் குனிகிறாள். பெரிய பரல்தான் முதலில் மூழ்கும், பொடிமணல் அதன்மேல் படியும். இங்கே பரல்கள், மேல்முனை என்று வைத்த பக்கத்தில் இருக்கின்றன.

"அண்ணே, உருளையைத் தலைகீழா வெச்சிட்டோம்."

காலையிலிருந்து அதைப் படம் வரைந்தவர் பென்சிலைப் போடுகிறார். "திரும்ப வரையவும் வழியில்ல. மண்ணு காய்ஞ்சு வெடிச்சிருச்சு."

குழாய் சொட்டுகிறது. அவர் தாளை மெல்லத் தலைகீழாகத் திருப்புகிறார். பரல்கள் அடிக்குப் போய்விடுகின்றன. இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

"ஏரி சரியாயிருச்சு. என் கையெழுத்துதான் தலைகீழா நிக்குது."